பள்ளிக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் காடு: பிள்ளைகளோடு எங்கே தொடங்குவது?

மலைப்பள்ளி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். சேர்வராயன் மலையில், ஏற்காடு டவுனிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் சேர்த்தாலும் ஐம்பது பிள்ளைகள் தேறமாட்டார்கள். பாதிக்கு மேல் மலையாளி பழங்குடிப் பிள்ளைகள், மீதி எஸ்டேட் வேலைக்கு வந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

பள்ளியின் பின்சுவரைத் தாண்டினால் சரிவாக இறங்கும் ஒரு காடு. இரண்டு ஏக்கர் இருக்கும். ஒரு பக்கம் காப்பித் தோட்டத்து வேலி, கீழே மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை. மேல்பாதியில் நாவல், பலா, வேங்கை, அப்புறம் எனக்குப் பெயர் தெரியாத பெரிய மரங்கள். கீழ்ப்பாதி முழுக்க உண்ணிச்செடி (லண்டானா). ஆள் நுழைய வழியில்லை.

சேலத்தில் ஒரு நல்ல மனிதர் 500 மரக்கன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று நட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பட்டியலில் இருப்பவை சில்வர் ஓக், தேக்கு, மே ஃபிளவர், பாதாம். கன்று வைக்க இடம் வேண்டுமே என்று எங்கள் தலைமையாசிரியர் கேட்டால், "கீழ்ப்பாதியை ஜேசிபி விட்டு ஒரே நாளில் வழித்துத் தருகிறேன்" என்கிறார் அவர்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் ஏன் என்று கேட்டால் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. நான் ஆத்தூர்ப் பக்கத்துச் சமவெளிக்காரி. மரத்தின் பெயர் தெரிய வேண்டுமென்றால் ஏழாம் வகுப்புப் பையன்களைத்தான் கேட்கிறேன். அந்தக் காட்டைப் பிள்ளைகள் படிக்கவும் வேண்டும், பார்த்துக்கொள்ளவும் வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளைதான் ஒதுக்க முடியும். கையில் காசு கிடையாது. செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


பச்சைத்தம்பி:

சூப்பர் முயற்சி டீச்சர்! கீழ்ப்பாதியைச் சுத்தம் செய்துவிட்டு மியாவாக்கி முறையில் நெருக்கமாக நட்டுவிடுங்கள். சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று. இரண்டு மூன்று வருஷத்தில் அடர்காடு ஆகிவிடும். 500 கன்று பத்தாது, இன்னும் கேளுங்கள்.


கன்னங்குறிச்சி வாத்தியார்:

டீச்சர், ஜேசிபியை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

நான் அடிவாரத்தில் அரசுப் பள்ளியில் உயிரியல் எடுத்து ஓய்வு பெற்றவன். எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு கரடு. உங்கள் காட்டோடு ஒப்பிட்டால் வெறும் பாறையும் உசிலையும்தான். ஆனாலும் பல வருஷம் பிள்ளைகளோடு அதில் ஏறி இறங்கியிருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

சரிவில் ஜேசிபி ஓடினால் மேல்மண் கிளறிக்கொள்ளும். ஐப்பசியில் ஒரு நல்ல மழை போதும், அந்த மண் மொத்தமும் ஓடைக்குப் போய்விடும். மிச்சம் நிற்கிற கிளறிய மண்ணில் முதலில் எது முளைக்கும்? உண்ணிதான். அதன் பழத்தைக் கொண்டைக்குருவி தின்று கிளையில் உட்கார்ந்து எச்சமிடுகிறது. விதை ஏற்கெனவே மண்ணுக்குள் தயாராகக் கிடக்கிறது. செடியை வழித்துவிட்டு விதைக்குப் படுக்கை விரித்துக் கொடுப்பதற்கு எதற்கு டீசல் செலவு?

தம்பி பச்சைத்தம்பிக்கு ஒரு வார்த்தை. மியாவாக்கி என்பது ஜப்பானியத் தாவரவியலாளர் ஒருவரின் பெயர். அவர் முறை மொட்டைத் தரைக்கு, ஆலை வளாகத்துக்கு, நகரத்து மூலைக்கு. டீச்சர் பள்ளிக்குப் பின்னால் இருப்பது காடு. பாதி உடம்பு சரியில்லாத காடு, அவ்வளவுதான். அதற்குள் போய்ப் புதுக்காடு நடுவானேன்?

500 கன்று விஷயத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளியில் இதே போல ஜூன் 5 அன்று நட்டார்கள். பந்தல், மைக், எல்லாம் உண்டு. அடுத்த ஜூன் வந்தபோது வரிசையாக ஊன்றுகுச்சி மட்டும் நின்றது. மே மாத விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று நடும்போது ஒருவரும் கேட்கவில்லை. பட்டியலையும் பாருங்கள்: சில்வர் ஓக் ஆஸ்திரேலியா, மே ஃபிளவர் மடகாஸ்கர். சில்வர் ஓக் கெட்ட மரம் என்று சொல்லவில்லை. காப்பிக்கு நிழல் தரும், மிளகுக்கொடி ஏறும், ஏற்காட்டில் திரும்பின பக்கமெல்லாம் நிற்கிறது. உங்கள் இரண்டு ஏக்கரிலும் வந்து நிற்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. கன்று தருபவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். "கன்றுக்குப் பதிலாக ரெண்டு கடப்பாரை, நாலு மம்முட்டி, ஐம்பது மீட்டர் நைலான் கயிறு, தையல்கார டேப் பத்து கொடுங்கள், அதையும் படம் எடுத்து அனுப்புகிறோம்" என்று கேட்டுப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், நிலம் யாருடையது? கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் சர்வே எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி நிலமா, புறம்போக்கா, காப்புக்காடா என்று தெரிந்துவிடும். காப்புக்காடு என்றால் ரேஞ்சரைப் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு குச்சியைக்கூட வெட்டாதீர்கள். 2018ல் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்களே, அதற்குப் பிறகு காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப்போவதில் விதிகள் இறுகிவிட்டன. பிள்ளைகள் விஷயம் வேறு. காகிதம் கையில் இருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

சரி, படிப்பு. முதல் வருஷம் ஒன்றும் நடாதீர்கள். பார்த்து எழுதினாலே போதும்.

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டுங்கள். மேல்பாதியில் ஒரு சதுரம், நடுவில் ஒன்று, உண்ணி ஓரத்தில் ஒன்று. நாலு மூலையிலும் கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு அதே இடம் கிடைக்க வேண்டும். சதுரத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண். சுற்றளவு எடுக்க வனத்துறைக்காரர்கள் நெஞ்சுயரம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், தரையிலிருந்து 137 சென்டிமீட்டர். ஒரு மூங்கில் குச்சியில் அந்த அளவுக்குக் கோடு போட்டுக் கொடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது கிட்டத்தட்டக் கண்ணுக்கு நேராக வரும், "யார் நெஞ்சு சார் இது?" என்று சிரிப்பார்கள். சரிவில் மரத்தின் மேட்டுப்பக்கம் நின்று அளக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் ஒருத்தன், மேட்டுப் பக்கம் ஒருத்தன் என்று அளந்தால் ஒரே மரம் ரெண்டு கணக்குக் காட்டும், சண்டை வரும். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம். கணக்கு வாத்தியாரையும் இழுத்துவிடுங்கள், ஒரு பாடவேளை கூடுதலாகக் கிடைக்கும்.

பெரிய மரத்தை எண்ணுவது சுலபம். சமாச்சாரம் கன்றில்தான் இருக்கிறது. அதே சதுரத்துக்குள் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சின்னக் கட்டம் போட்டு, முழங்காலுக்குக் கீழே என்னென்ன முளைத்திருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். நாவல் பெரிசாக நிற்கும், அடியில் நூறு கன்று இருக்கும். வேங்கை பெரிசாக நிற்கும், ஒரு கன்று இருக்காது. ஏன்? ஆடு மேய்ந்ததா, வருஷா வருஷம் தீ போனதா, உண்ணி நிழலில் முளைக்க முடியவில்லையா? இந்த ஒரு கேள்வியை வைத்தே பிள்ளைகள் ஒரு வருஷம் ஓட்டுவார்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். உங்களுக்கும் தெரியாதில்லையா, அது ரொம்ப வசதி.

அப்புறம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரம். வாரம் ஒரு தடவை அதே மரத்தைப் பார்க்க வேண்டும். துளிர், முற்றின இலை, மொட்டு, பூ, காய், பழம். ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று மூன்றே விடை. சீசன்வாட்ச் என்று நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து இப்படித்தான் எழுதுகிறார்கள். பலா, நாவல், நெல்லி, புளி எல்லாம் அவர்கள் பட்டியலில் உண்டு. உங்கள் பிள்ளைகள் எழுதுவதை அதில் ஏற்றிவிட்டால் கேரளத்துப் பலாவும் ஏற்காட்டுப் பலாவும் எப்போது காய்க்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு சோதனை, செலவே இல்லாதது. அடிப்பக்கம் வெட்டின பால்பவுடர் டின் ஒன்றை மண்ணில் ரெண்டு விரல் ஆழம் அழுத்தி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, உறிஞ்ச எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு தடவை விளையாட்டு மைதானத்தில், ஒரு தடவை நாவல் மரத்தடிச் சருகை விலக்கி. மைதானத்தில் பிள்ளைகள் டின்னைச் சுற்றி உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். மரத்தடியில் ஊற்றின கையை எடுப்பதற்குள் பாதி இறங்கியிருக்கும். காடு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிற வரிக்கு அதற்கப்புறம் விளக்கம் தேவைப்படாது.

உண்ணியை எடுக்கும் விதம்: மழை விட்ட மறுவாரம், மண் இளகியிருக்கும்போது. மேலோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் சி.ஆர். பாபு குழுவினர் ஒரு வழிமுறை சொன்னார்கள், நான் செய்து பார்த்தேன், வேலை செய்கிறது. தண்டும் வேரும் சேரும் இடத்தில் ஒரு முண்டு இருக்கும். துளிர் அங்கிருந்துதான் வரும். அதற்குக் கீழே, மண்ணுக்குள் ரெண்டு மூன்று அங்குலத்தில் வேரை வெட்டி, செடியைத் தூக்கி, வேர் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாகப் போட்டுவிட வேண்டும். காய்ந்துவிடும். வெட்டுவது பெரியவர்கள் வேலை, பெற்றோரைக் கூப்பிடுங்கள். ஒரு சாண் உயரக் குட்டிச்செடிகளைப் பிடுங்குவது பிள்ளைகள் வேலை. காடு நன்றாக இருக்கும் மேல் ஓரத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குங்கள். ஒரு மழைக்காலத்துக்கு ஒரு வகுப்பறை அகலம் போதும். எடுத்த இடத்துக்கு அடுத்த மழையில் திரும்ப வரவேண்டும், இல்லாவிட்டால் செய்த வேலை வீண். ஓடைக்கரை உண்ணியைக் கடைசி வரை தொடாதீர்கள், வேறு ஏதாவது வேர் பிடிக்கும் வரை மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

நட்டே ஆகவேண்டும் என்று ஆசையிருந்தால் உங்கள் காட்டு விதையையே முளைக்க வையுங்கள். நாவல்கொட்டை ரெண்டு வாரம் காய்ந்தாலே முளைப்பு போய்விடும், பழம் தின்ற கையோடு பையில் போட வேண்டும். ஒரு கொட்டையிலிருந்து ரெண்டு மூன்று கன்று வருவதும் உண்டு. ஏதோ தப்பாகிவிட்டது என்று பிள்ளைகள் ஓடிவந்து சொல்வார்கள், அந்த முகத்தைப் பார்க்கவாவது செய்யுங்கள்.

கடைசியாக, உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. முழுக்கை, முழுக்கால் உடை, வீட்டுக்குப் போனதும் குளியல். யாருக்காவது காய்ச்சல் வந்து, உடம்பில் சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருந்தால், காட்டுக்குப் போனதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நேரத்தோடு பிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.


காப்பித்தோட்டத்துக்காரன்:

டீச்சரம்மா, நான் இந்த மலைக்காரன். வாத்தியார் ஐயா சொன்னதில் முக்கால்வாசி சரி. ஒன்றை விட்டுவிட்டார். விஏஓ பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஊர்க்கவுண்டரைப் பாருங்கள். ஓடைத் தலைப்பில் கல் நட்டு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் அது சாமி இடம். செருப்போடு போகக்கூடாது, மரம் வெட்டக்கூடாது. மேல்பாதி இவ்வளவு நாள் நின்றதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். 2006 வன உரிமைச் சட்டத்தில் எங்கள் கிராம சபைக்குக் காட்டைக் காக்கும் உரிமை எழுதியிருக்கிறது. கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் நாளைக்கு வேறு தலைமையாசிரியர் வந்தாலும், வேறு யார் ஜேசிபி கொண்டுவந்தாலும் கேள்வி கேட்க ஆள் இருக்கும்.

உண்ணி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. அங்கே பெண்கள் விறகு எடுக்கிறார்களா பாருங்கள். எடுத்தால் காய்ந்த உண்ணிக் குச்சியை அவர்களுக்கே கொடுங்கள், பெரிய மரத்துக் கிளை தப்பும். மாதேஸ்வரன் மலையில் சோலிகர் பழங்குடியினர் அதில் நாற்காலி, கூடை எல்லாம் செய்கிறார்கள். இன்னொன்று, குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவி அந்தப் புதருக்குள்தான் தத்தித் திரியும். மொத்தமாக எடுத்துவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக என்று வாத்தியார் சொன்னது அந்த வகையிலும் நல்லது.

காட்டெருமை வரும், சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்திலேயே மேய்கிறது. வெயில் ஏறினபிறகு போங்கள், மாலை நாலுக்குள் வெளியே வந்துவிடுங்கள். முதலில் பெரியவர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து கூப்பிட வேண்டும். எதிரே நின்றால் கல் எறியக்கூடாது, கத்தக்கூடாது, முதுகைக் காட்டி ஓடவும் கூடாது. அது பார்த்துக்கொண்டே நிற்கும். நீங்கள் அப்படியே மெதுவாகப் பின்னால் வாருங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் யாரும் போய் நிற்க வேண்டாம். இதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். புதிதாக வந்த எஸ்டேட் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.


மலைப்பள்ளி டீச்சர்:

வாத்தியார் சார், மலைக்கார அண்ணா, இருவருக்கும் ரொம்ப நன்றி. தலைமையாசிரியரிடம் இந்தப் பக்கத்தையே காட்டினேன். ஊன்றுகுச்சி கதையைப் படித்துவிட்டுச் சிரித்தார், "சரி, ஜேசிபி வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். கன்று தருபவரிடம் அவரே பேசுகிறார். பள்ளி முன்வேலி ஓரத்தில் இருபது நாட்டுக் கன்று மட்டும் வைத்துப் படம் எடுக்கலாம் என்று பேச்சு. ஒரு பிள்ளையின் பாட்டி, ஓடைத் தலைப்பில் கல் இருப்பது உண்மை என்றும் தை மாதம் பொங்கல் வைப்பார்கள் என்றும் சொன்னார். இவ்வளவு நாளாக எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

இன்னும் ரெண்டு சந்தேகம். பெயர் தெரியாத மரங்களுக்குப் பதிவில் என்ன எழுதுவது? பிள்ளைகள் சொல்லும் பெயர் ஒருவீட்டுக்கு ஒன்றாக இருக்கிறது. அப்புறம், தோண்டும்போது பாம்பு வந்தால்?


கன்னங்குறிச்சி வாத்தியார்:

பிள்ளைகள் சொல்லும் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள், யார் வீட்டுப் பெயர் என்பதோடு. கூடவே ஒரு இலை, ஒரு பூவைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, மரத்தின் எண்ணைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டம் இருக்கிறது. ஆர்க்கிட் பார்க்கத்தான் எல்லோரும் போவார்கள். நீங்கள் உங்கள் செய்தித்தாள் கட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டு. அங்கே வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற சிறு மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெயரிலேயே உங்கள் மலை இருக்கிறது, இந்த மலையைத் தாண்டி அதற்கு வேறு ஊர் கிடையாது. உங்கள் இரண்டு ஏக்கரில் இருக்கிறதா என்று பிள்ளைகள் தேட ஆரம்பித்துவிடுவார்கள், பாருங்கள்.

பாம்பு: மண்ணுக்குள் விரல் தடிமனில், வால் நுனி தேய்த்து வெட்டின மாதிரி ஒன்று வந்தால் அது கேடயவால் பாம்பு. மண்புழு தின்பது, விஷம் கிடையாது. இரண்டு தலை என்று யாராவது சொல்வார்கள், அடிக்க விடாதீர்கள். மண்ணை மூடிவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும். வேறு எந்தப் பாம்பு என்றாலும் எல்லோரும் பின்வாங்கி அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள். எது விஷமுள்ளது என்று கண்டுபிடிப்பது பிள்ளைகள் வேலையும் இல்லை, உங்கள் வேலையும் இல்லை.

தையில் பொங்கல் வைக்கப் போகும்போது பிள்ளைகளை ஒரு நோட்டோடு அனுப்புங்கள். அதே நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஒரே இடத்தில் கால் மணி நேரம் பார்த்து, கேட்டு எழுதினாலே ஒரு பட்டியல். ஈபேர்டு செயலியில் உங்கள் போனிலிருந்து ஏற்றிவிடலாம். அங்கே சிக்னல் கிடைக்காவிட்டால் நோட்டில் எழுதி வந்து சாயங்காலம் ஏற்றுங்கள்.